இட்லி கட்டிய கால்கள்

உங்கள் வீட்டு ஆம்பளை என்றைக்காவது துடைப்பத்தைக் கையால் தொட்டிருக்கிறாரா? கூழைக்குளத்தில் தொட்டார்கள். பூங்கனியின் புருஷன் தங்கப்பழம்தான் முதலில் தொட்டான். வீடு கூட்டத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு மோசமான நிலைமை அவனுக்கு வரவில்லை.

கனடாவில் வேலை பார்க்கும் அவன் தம்பி கடிதம் போட்டிருந்தான். அங்கே ப்ரூம்பால் என்று ஓர் ஆட்டமாம். குளிரில் ஏரி உறைந்து கட்டியானதும் வீட்டுத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தடித்ததில் ஆரம்பித்ததாம். இப்போது ஊருக்கு ஊர் பரவுகிறதாம். தலைக்குக் கவசம் வேண்டும், காலில் போடுவதற்கு அடிப்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும், வேறு செலவில்லை என்று எழுதியிருந்தான்.

வெள்ளிக்கிழமை பூங்கனியின் தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வாசல்வரை வந்து, தங்கப்பழத்தோடு கொஞ்சம் பேசிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போயிருந்தன. வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் வாயைத் திறக்காதீர்கள் என்று பூங்கனி கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். சரியென்றான்.

வியாழன் சாயங்காலம் தங்கப்பழமும் அவன் கூட்டாளிகள் கொம்பையாவும் நயினாரும் மீன் மார்க்கெட்டில் ஒரு ஐஸ் கட்டி வாங்கி வந்து ஊர்க்குளத்தில் போட்டார்கள்.

"ஒரு கட்டி போதுமாலே?" என்றான் நயினார்.

"ஒரு குடம் பாலுக்கு உங்க வீட்டுல எத்தன கரண்டி மோர் விடுவாங்க? ஒண்ணுதான? விடியுறவரைக்கும் யாரும் அசைச்சிராம பாத்துக்கணும், அவ்வளவுதான்" என்றான் கொம்பையா.

அன்றைக்குக் குளத்தில் மாட்டைக்கூட இறங்க விடவில்லை.

காலையில் பூங்கனி முப்பது இட்லி அவித்து வைத்துவிட்டு, வாசல் கூட்டத் துடைப்பத்தைத் தேடினால் காணோம். உள்ளே வந்தால் குண்டானைக் காணோம். இட்லியில் ஆறுதான் மிச்சம்.

குளத்தங்கரைக்கு ஓடினாள். மூன்று பேர் இப்போது ஆறு பேராகி, தலையில் ஆளுக்கொரு பாத்திரத்தோடு உட்கார்ந்து, உள்ளங்காலில் இட்லியை வைத்து வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரிலேயே மெத்தென்று இருப்பது அவள் இட்லிதானாம். தேய்ந்தால் மாற்றுவதற்கு ஆளுக்கு இன்னொரு ஜோடி வேறு. சாப்பிடுகிற பொருளை மிதிக்கலாமா என்ற விவாதமும் முடிந்திருந்தது. கண்ணில் ஒற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டு மிதித்தால் பாவமில்லை என்று நயினார் தீர்ப்புச் சொல்ல, எல்லோரும் பயபக்தியோடு ஒற்றிக்கொண்டார்கள்.

"எடுக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் பூங்கனி.

தங்கப்பழம் தன் வாயைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினான். திறக்காதே என்று சொன்னவளே இப்படிக் கேட்டால் அவன் என்னதான் செய்வான்?

ஆறு பேரும் துடைப்பத்தோடு குளத்தின் மேல் நடந்தார்கள். இடுப்புவரை நடந்தார்கள். கொம்பையா ஒரு கை அள்ளிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இளசாக இருக்கிறது என்றான். அதற்காக ஆட்டத்தை நிறுத்த முடியுமா? நயினார் பந்துக்கு வீசிய துடைப்பம் கொம்பையாவின் கன்னத்தில் பட்டது. துடைப்பத்தால் அடிபட்ட மானஸ்தன் கரையேறிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களின் இட்லியை மீன்கள் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் கரையில் வந்து நின்றது. மூன்றாவதும் போச்சு என்று பூங்கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா சிவனணைந்தான் இறங்கி, வெகுநேரம் ஆட்டத்தைப் பார்த்தார். தங்கப்பழத்திடம் ஏதேதோ கேட்டார். தலையில் குண்டானும் கையில் துடைப்பமுமாக அவன் கும்பிட்டபடி நின்றானே தவிர, வாயைத் திறக்கவில்லை. இப்படி அடக்கமான மனுஷனை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்று அவர் அங்கேயே தாம்பூலம் மாற்றச் சொல்லிவிட்டார்.

பெண்ணைப் பார்க்க வேண்டாமா என்று பூங்கனி மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்கென்ன அவசரம், தாயி?" என்றார் சிவனணைந்தான். "எங்க பயலுக்குப் பத்தாம் நம்பர் காலு. அவனுக்கு மட்டும் ரெண்டு இட்லி கொஞ்சம் பெரிசா ஊத்திக் குடு."