தில்லைநாயகம் சாருக்கு ஒன்பது கல்

கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் கோ ஆட்டத்தில் தில்லைநாயகம் சாரை அடிக்கக் கோயம்புத்தூரில் ஆளில்லை. ஆனால் கம்ப்யூட்டரிடம் பதினோரு தடவை மண்ணைக் கவ்வியிருந்தார். அது கம்ப்யூட்டரை இயக்கும் புஷ்கலாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னைக்கு நம்ம கோ கிளாஸ் பசங்க முன்னாடி கம்ப்யூட்டரோட ஆடறேன். அது தோக்கணும். புரோகிராம்ல கை வைக்கக் கூடாது. முடியலைன்னா நாளையிலருந்து வேலைக்கு வராதே."

"தோத்துடும் சார்."

ஆட்டம் தொடங்குமுன் புஷ்கலா பலகையில் அவருக்காக ஒன்பது கறுப்புக் கற்களை வைத்தாள்.

"என்ன இது?"

"பலம் கம்மியானவங்களுக்கு முதல்லயே கல் கொடுக்கறது வழக்கம்தானே சார்? புதுசா வர்றவங்களுக்கு நீங்களே கொடுப்பீங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கற்களை எடுத்தால் தோல்வி நிச்சயம். விட்டுவைத்தால் மானம் போச்சு. அவருக்குக் காதெல்லாம் சுட்டது. எடுக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவள் பக்கம் குனிந்து கேட்டார்:

"ஒன்பது போதுமாம்மா?"