நாற்பது பேருக்கு ஒரு டோக்கன்

"சாமி, நான் என்ன குறை வெச்சேன்? எங்க கம்பெனிப் பொம்பளைங்க எதுக்கு இப்படிச் சுருண்டு சுருண்டு விழறாங்க?"

பனியன் கம்பெனி முதலாளி சின்னியப்பன் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார். மனுசன் நிஜமாகவே கலங்கித்தான் வந்திருந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மோர்ச்சாமி ஒரு செம்பு மோரை நீட்டினார். அவரிடம் யார் போனாலும் முதலில் மோர், பிறகுதான் பேச்சு.

சின்னியப்பன் மடக் மடக்கென்று குடித்தார்.

"காத்தாடி போட்டேன். ரெண்டு வேளை டீ தர்றேன். குளிர்ந்த தண்ணிக்கு மெசினே வாங்கி வெச்சேன். ஒருத்தியும் தொடறதில்லீங்க! நேத்து மாராத்தா தையல் மெசின் மேலேயே சாஞ்சுட்டா. நீரை அடக்கி அடக்கி கிட்னி கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்றாரு. பொழைப்பாளான்னு பயமா இருக்குங்க."

"எதுக்கு அடக்கினா?"

"டோக்கன் கிடைச்சிருக்காது. நாற்பது பேருக்கு ஒரு டோக்கன். அது கையில இருக்கிறவதான் கக்கூஸ் போகலாம். கயித்தை விட்டா மாடு மேயப் போயிருமில்லீங்க?"

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"இன்னொரு செம்பு குடிங்க."

குடித்தார்.

மூன்றாவதும் வந்தது. சாமி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

சாமி மழையைப் பற்றிப் பேசினார். சோளத்தைப் பற்றிப் பேசினார். யார் வீட்டு எருமையோ கன்று போட்டதைச் சாவகாசமாகச் சொன்னார்.

சின்னியப்பன் காலை மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றினார். நெற்றி வேர்த்தது.

"சாமி, அவசரமா ஒண்ணுக்குப் போகணுங்க."

சாமி கையை நீட்டினார்.

"டோக்கன்?"

மோருக்குக் காத்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னியப்பன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். சாமி சிரிக்கவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது.

"என்னங்க சாமி, எனக்கு அம்பத்தாறு வயசு. இதுலயா பொய் சொல்லுவேன்?"

சொன்ன வாய் மூடவில்லை. முகம் கறுத்துத் தொங்கிப் போயிற்று.

சாமி கையை மடக்கிக்கொண்டார்.

"போயிட்டு வாங்க."

சின்னியப்பன் எழவில்லை.

"நேத்து மாராத்தாளும் இதையேதாங்க சொன்னா. ரெண்டு புள்ளை பெத்தவ, இதுலயா பொய் சொல்லுவேன்னு. அத்தனை பேருக்கு முன்னாடி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேனுங்க."