கிழிந்த போர்முரசு

ஒரு காலத்தில் கருவாற்றின் தென்கரையை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ராஜாவுக்கு மீசை உண்டு, யானை உண்டு, கோட்டை உண்டு. தூக்கம் மட்டும் இல்லை.

காரணம் பயம். அக்கரை ராஜா சிங்கமுத்தரசன் எப்போது படையெடுத்து வருவானோ என்ற பயம். பொழுது சாய்ந்தால் போதும், அக்கரையில் 'திம்... திம்...' என்று முரசு அதிரும். உடனே இக்கரையில் அதைவிடப் பெரிதாக அடிப்பார்கள். அக்கரை இன்னும் ஓங்கி அடிக்கும். கறவை மாடுகள் பாலை அடக்கிக்கொண்டன. பிள்ளைத்தாய்ச்சிகள் ஊரை விட்டே போனார்கள். சபையில் யாராவது இருமினால், "யாருக்குச் சைகை?" என்று ராஜா வாளை உருவுவான். அப்படி இருமிய சமையற்காரன் ஒருவன் பாதாளச் சிறையில் கிடந்தான்.

எல்லோரும் மெலிய, சேனாபதி உக்கிரசேனன் மட்டும் கொழுத்தான். ராஜாவின் பயம்தான் அவனுக்குச் சோறு. அந்தப் பயத்துக்குத் தூபம் போடாத அமைச்சர் தெய்வச்சிலையாரைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

ஒருநாள் அவன் ராஜாவின் காதோரம் குனிந்தான். "முரசு அடிக்கும்போதெல்லாம் அமைச்சர் காதைப் பொத்திக்கொள்கிறார். அது அக்கரைக்காரனுக்கு ஏதோ அடையாளம், மகாராஜா."

ராஜாவின் முகம் வெளுத்தது. "அமைச்சரே, காதைப் பொத்தினீராமே?"

"பொத்தினேன் மகாராஜா. எனக்கு இருப்பது இரண்டே காது. கிழிந்துபோனால் கருவூலத்தில் மாற்றுக் காது கிடையாதே."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கப் பயம்.

"அந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்றால் அவரே நிறுத்தட்டுமே!" என்று சீறினான் உக்கிரசேனன். "படை போகக்கூடாது, தூதும் போகக்கூடாது. இன்று மாலை அக்கரை முரசை நிறுத்திக் காட்டட்டும். முடியாவிட்டால் பட்டத்து யானையின் காலடியில் தலையை வைக்கட்டும். நிறுத்திவிட்டால் என் வாளை அவர் காலடியில் வைக்கிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

அமைச்சர் சொன்னார்: "எனக்கு ஒரே ஒரு வரம் வேண்டும். இருட்டும்வரை நம் முரசு என் பொறுப்பு. அதை நான் என்ன செய்தாலும் தடுக்கக் கூடாது."

"தந்தேன்."

மாலையில் ஆற்றங்கரையில் சபையே கூடியது. யானையின் கால்சங்கிலி கலகலத்தது. இதுவரை கேட்டிராத அடியை அமைச்சர் அடிக்கப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ இடுப்பிலிருந்த சிறுகத்தியை எடுத்து முரசின் தோலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கிழித்துவிட்டார்.

"ராஜத் துரோகம்!" என்று அலறினான் உக்கிரசேனன். ராஜாவின் கை வாளுக்குப் போனது.

"வாக்கு, மகாராஜா" என்றார் அமைச்சர்.

அக்கரையில் 'திம்' என்றது. இக்கரையில் பதில் இல்லை. 'திம்... திம்...' ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "அமைச்சரே, என் நெஞ்சு அடிக்கிறதே!"

"அடிக்கட்டும். ஓடாமல் இப்படி உட்கார்ந்து அதைக் கேளுங்கள். இத்தனை நாளும் அந்தச் சத்தம் கேட்காமலிருக்கத்தானே முரசை அடித்தோம்?"

ராஜா மணலில் உட்கார்ந்தான். முதலில் நெஞ்சின் அடி மட்டுமே கேட்டது. மெல்ல மெல்ல ஆற்றின் சலசலப்பு கேட்டது. மரத்தில் அடையும் பறவைகளின் கூச்சல் கேட்டது. அவன் ஊரில் பறவை இருப்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

அக்கரை முரசு தடுமாறியது. படபடவென்று அடித்தது. நின்றது.

அந்த நிசப்தம் முரசைவிடப் பயங்கரமாக இருந்தது.

"படை கிளம்பிவிட்டது!" என்று கத்தினான் உக்கிரசேனன். "அதோ ஓடம்! வில்லை வளையுங்கள்!"

வில்கள் வளைந்தன. ராஜா கையைத் தூக்கினான். அந்தக் கை இறங்கினால் அம்பு பறக்கும். அவன் ஆற்றையே உற்றுப் பார்த்தான்.

"ஒரே ஓடம். ஒரே ஆள். வில்லைத் தாழ்த்துங்கள்" என்றான்.

ஓடத்தில் வந்த கிழவர் துடுப்பில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கரையேறியதும் மணலில் விழுந்தார். "மகாராஜா, உங்கள் முரசு ஏன் நின்றது? படை ஆற்றில் இறங்கிவிட்டதா? எங்கள் ராஜா பிள்ளைகளை நெற்குதிருக்குள் ஒளித்துவைத்துவிட்டு அழுகிறார்!"

ராஜா திகைத்தான். "முதலில் முரசடித்தது நீங்கள்தானே?"

"அது எங்கள் இளவரசிக்குப் பெயர் வைத்த அன்று அடித்த மேளம், ஐயா! நீங்கள் அதற்குப் போர்முரசு அடித்தீர்கள். அப்புறம் நிறுத்த எங்களுக்குப் பயமாகிவிட்டது."

ராஜா மெல்லத் திரும்பினான். "சேனாபதி, அன்று அதைப் போர்முரசு என்று என்னிடம் சொன்னது யார்?"

உக்கிரசேனன் இருமினான்.

"யாருக்குச் சைகை?" என்றான் ராஜா, வாளைத் தொடாமலே.

சேனாபதியின் வாள் அமைச்சரின் காலடிக்கு வந்தது. "இப்போதே போய்ச் சமையற்காரனை உன் தோளில் சுமந்து வெளியே கொண்டு வா. இனி அவனுக்கு விறகு பிளப்பதுதான் உன் வேலை" என்றான் ராஜா. பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரின் கழுத்தில் போடப் போனான்.

அமைச்சர் விலகினார். "எனக்கு வேண்டாம் மகாராஜா. அக்கரைக் குழந்தைக்கு நாம் இன்னும் சீர் செய்யவில்லையே. நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கள்."

"நானா? வாளில்லாமலா?"

"வாளோடு போனால் குழந்தை நெற்குதிருக்குள்ளிருந்து வெளியே வராது."

ராஜா வாளை மணலில் வைத்துவிட்டு ஓடத்தில் ஏறினான். "அமைச்சரே, பயமாக இருக்கிறதே!"

"எனக்கும்தான்" என்றார் தெய்வச்சிலையார். "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் வருகிறேன்."

ஓடம் அக்கரை சேர்ந்தது. அந்த இரண்டு ராஜாக்களும் வாழ்ந்த மட்டும் கருவாற்றில் மீன் பிடிக்கத்தான் ஆள் இறங்கினார்களே தவிர, சண்டைக்கு ஒருவரும் இறங்கவில்லை.