பத்தாயிரத்து எட்டாவது வீரர்

மேலைச்சேரியை ஆண்ட விக்கிரமராயர் எந்தக் காரியத்தையும் ஏகாம்பரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார். ஏகாம்பரம் அவர் சபையில் வாய்ச் சாதுர்யத்துக்குப் பேர்போனவர். இது அரண்மனைக் கணிதர் சோதிவாணரின் கண்ணை உறுத்தியது.

அரசரின் பிறந்தநாளுக்கு அண்டை நாட்டுத் தூதர் வருவதாக இருந்தது. அவர் முன்னால் படை முழுவதும் அணிவகுத்து நிற்கவேண்டும் என்று அரசருக்கு ஆசை. அந்தப் பொறுப்பை ஏகாம்பரத்திடம் கொடுக்கும்படி சோதிவாணர் குழைந்து சொன்னார். நிபந்தனைகளையும் அவரே போட்டார். வரிசைகள் எல்லாம் சமமாக இருக்கவேண்டும். எல்லோரும் ஒரே வரிசையாக நிற்கக்கூடாது. நாட்டின் வீரர் ஒருவரும் விடுபடக்கூடாது. வீரர் அல்லாத ஒருவரும் நுழையக்கூடாது. தவறினால், அரசருக்கு அருகிலுள்ள ஏகாம்பரத்தின் ஆசனம் சோதிவாணருக்கு.

ஏகாம்பரம் திண்டாடுவதைப் பார்க்க அரசருக்கும் கொஞ்சம் ஆசைதான். சம்மதித்துவிட்டார்.

படையில் இருந்தவர்கள் பத்தாயிரத்து ஏழு பேர். ஏகாம்பரம் வீட்டு முற்றத்தில் மணலைப் பரப்பி வகுக்க உட்கார்ந்தார். இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சியது. மூன்றால் வகுத்தால் இரண்டு. ஏழுக்கு நான்கு, பதினொன்றுக்கு எட்டு. மூன்று நாள் சோறு தண்ணீர் மறந்து நூறு வரைக்கும் பார்த்தார். எதற்கும் அந்த எண் மசியவில்லை. நூற்றுக்கு மேல் பார்த்தும் பயனில்லை. வரிசைகள் நூற்றைத் தாண்டினால் வரிசைக்கு நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள், அந்தக் கணக்கைத்தான் ஏற்கெனவே போட்டாயிற்றே. சோதிவாணர் தெரிந்தேதான் மாட்டிவிட்டிருக்கிறார் என்பது அப்போது புரிந்தது. கணக்கை விட்டுவிட்டு, நிபந்தனைகளை ஒவ்வொரு சொல்லாக மறுபடி யோசித்தார்.

பிறந்தநாளன்று மைதானத்தில் எழுபத்திரண்டு வரிசைகள் நின்றன. வரிசைக்கு நூற்று முப்பத்தொன்பது பேர். கடைசி வரிசையில் மட்டும் ஓர் இடம் காலி.

சோதிவாணர் தூதருக்கும் கேட்கும்படி அதைச் சுட்டிக்காட்டினார்.

"ஆமாம், ஒரு வீரர் இன்னும் வரவில்லை" என்றார் ஏகாம்பரம். பிறகு அரசரை வணங்கி, "வெயில்தான், மன்னிக்க வேண்டும். தங்கள் இடம் அதுதான்" என்றார்.

அரசர் திகைத்தார். தூதர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். சோதிவாணர் பதறி, வீரர் அல்லாதவர் நுழையக்கூடாது என்பது நிபந்தனை என்று ஆரம்பித்தார்.

ஏகாம்பரம் அவர் பக்கம் திரும்பிக் கைகட்டி நின்றார்.

"நம் அரசர் வீரர் இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கணிதரே. நான் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன்."

சோதிவாணர் வாயைத் திறந்தார். அரசரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

விக்கிரமராயர் வயிறு குலுங்கச் சிரித்தபடி இறங்கிப்போய்க் கடைசி வரிசையில் நின்றார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குக் கொடுத்தனுப்பினார். கூடவே, அணிவகுப்பைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஓர் உத்தரவையும்.