அரக்கனின் காது

“கோட்டைக்குள்ள வரவே மாட்டேங்காங்க, மாஸ்டர்” என்றார் தேவசகாயம்.

பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் கொடுக்கும் காண்டிராக்டர் அவர். ஐம்பது வயதுக்கு மேல் கதையாட்டத்தில் ஆசை வந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம். ஒருவர் மட்டும் மலையாகவும் காடாகவும் எதிரியாகவும் இருந்து அதை நடத்த வேண்டும்.

நடத்தக் கற்றுக்கொடுத்தவள் பர்வீன். அவரைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் மாஸ்டர்தான்.

“ஏன் வரலையாம்?”

“சுரங்கம் வச்சேன், எட்டிக்கூடப் பாக்கலை. ராஜா தூதனை அனுப்பினேன், அவனைக் கிண்டல் பண்ணி அனுப்பிட்டாங்க. இழுத்துட்டுப் போனா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடுதாங்க. வேலாயுதம் இந்த வாரத்தோட சரின்னுட்டான். அவன் போனா மத்தவங்களும் போயிருவாங்க. நான் என்ன செய்யட்டும்?”



“ஞாயித்துக்கிழமை நானும் வாரேன்” என்றாள் பர்வீன்.

வந்தாள். மொட்டைமாடி மேசையில் தேவசகாயத்தின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை ஆட்டத்தில் கோட்டை வாசலில் ஓர் அரக்கன் நின்றான். ஊரே அதிரக் கத்தினான். தேவசகாயம் தொண்டை கட்டும்வரை கத்திக் காட்டினார். வேலாயுதம் வாளை வீசினான். பகடை காலை வாரியது. அடுத்து ஆடியவனும் அடிபட்டு விழுந்தான்.

மிச்சம் இருந்தது மரியசெல்வி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேசையில் அதிகம் வாய் திறக்காதவள்.

“சார், இவன் ஏன் இப்படிக் கத்துதான்? உடம்புக்கு ஏதும் செய்யுதோ?”

‘அதெல்லாம் ஒண்ணுமில்லை’ என்று சொல்ல வாயெடுத்தார் தேவசகாயம்.

பர்வீன் அவர் பக்கம் சாய்ந்தாள். “உங்களுக்குத் தெரியுமா?”

யோசித்தார். அரக்கனின் உயரம் தெரியும். கதாயுதத்தின் எடை தெரியும். எந்த அடியில் சாவான் என்பதும் தெரியும்.

“தெரியாது” என்றார்.

அந்த மேசையில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அதுவரை வந்ததே இல்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் மரியசெல்வியிடம் திரும்பினார். “நீயே பாத்துச் சொல்லும்மா.”

அவள் வாளைத் தரையில் வைத்தாள். அரக்கனை நோக்கி நடந்தாள். பகடை உருண்டது. நல்ல எண்.

“காதுக்குள்ள வண்டு பூந்துருக்கு சார். பாவம், எத்தனை நாளா துடிக்கானோ. உப்புத் தண்ணி வேணும்.”

“என் கேடயத்துல மொண்டுட்டு வாரேன்!” வேலாயுதம் எழுந்தே விட்டான்.

“தலையை நான் பிடிச்சுக்கிடுதேன்!” என்றான் விழுந்து கிடந்தவன்.

தேவசகாயம் அரக்கனாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். கடைசிப் பகடையை மரியசெல்வி கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள்.

வண்டு வெளியே வந்தது.

கத்தல் நின்றது. அரக்கன் குந்தி உட்கார்ந்து குழந்தைபோல அழுதான். பிறகு எழுந்து, தன் கையாலேயே கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான்.

மேசையில் கிளம்பிய கூச்சலில் தெருநாய்கள் குரைத்தன.

ஆட்டம் முடிந்து எல்லோரும் இறங்கிப் போனார்கள். படியெல்லாம் ஒரே பேச்சு. மரியசெல்வி யாரிடமோ போனில், “ஏட்டி, இன்னைக்கு ஒரு அரக்கனுக்கு வைத்தியம் பாத்தேன்!” என்று சொல்லிக்கொண்டே போனாள். தண்ணீர் கொண்டுவந்தது நான்தானே என்று வேலாயுதம் பின்னாலேயே ஓடினான்.

தேவசகாயம் மொட்டைமாடிச் சுவரோரம் நின்று அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என் பேரை ஒருத்தரும் எடுக்கலையே, மாஸ்டர்.”

“எடுக்கலைதான்” என்று சிரித்தாள் பர்வீன்.

எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து மேலே பார்த்தார். “என்ன சார், இம்புட்டுச் சத்தம்? யாரு இவங்கள்லாம்?”

தேவசகாயம் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தார். நெஞ்சு விம்மியது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

“நம்ம ஆளுங்க!”