மேலை வாயில் ஓலை

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே வல்லிக்கோடு என்றொரு நாடு இருந்தது. அதை ஒரு காலத்தில் பெருநங்கை என்ற அரசி ஆண்டுவந்தாள். கணவன் போரில் இறந்த மறுநாளே அவன் குதிரையில் ஏறிப் படை நடத்தி வென்றவள். அவளிடம் ஒரே ஒரு குறை. கோபம் வந்தால் அந்த நிமிடமே தண்டனை. காலையில் ஆளைக் கொல்லச் சொல்லிவிட்டு மாலையில் வருந்துவாள்.

அவளுடைய அமைச்சர் சாத்தன். அரச முத்திரை மோதிரம் அவர் விரலில்தான் இருக்கும். அவைப்புலவன் வெண்ணிநம்பிக்கு அது பொறுக்கவில்லை. நம்பி பெரிய தமிழ்ப்புலவன்தான். ஆனால் யார் பேச்சிலும் பிழை பொறுக்கமாட்டான். மன்னர் இறந்த அன்று ஒப்பாரி வைத்தவளையே நிறுத்தித் திருத்தியவன்.

பகையரசன் படையோடு எல்லையில் வந்து இறங்கிய சமயம். ஒருநாள் காலை அரசி அவையைக் கூட்டினாள். முற்றத்தில் கொலையானையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"மோதிரத்தைக் கழற்றும்" என்றாள் சாத்தனிடம்.

அவர் கழற்றிக் கொடுத்தார்.

"நகரத்தின் கதவைப் பகைவனுக்குத் திறக்கச் சொல்லி நேற்று என் பெயரில் ஓர் ஓலை போயிருக்கிறது. வாயில் காவலன் சந்தேகப்பட்டு நேரே என்னிடம் கொண்டுவந்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. நான் ஒருத்திதான் படித்தேன். அரக்கில் இருப்பது என் முத்திரை. என்ன சொல்கிறீர்?"

"நான் அனுப்பவில்லை, தேவி."

நம்பி எழுந்தான். "மோதிரம் இவர் விரலை விட்டு இறங்கியதே இல்லை. வேறு யார் முத்திரை வைத்திருக்க முடியும்?"

அரசியின் முகம் சிவந்தது. பாகனைப் பார்த்துக் கையை உயர்த்தப் போனாள். யானையின் சங்கிலி அசைந்தது.

"எந்த ஓலைக்காகச் சாகிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள்" என்றார் சாத்தன்.

அரசி ஓலையை நீட்டினாள். அவர் மனத்துக்குள் இரண்டு முறை படித்தார். பிறகு அவையைப் பார்த்து உரக்க வாசித்தார்:

"மேலை வாயிற் காவல் நீக்கி, விடியும்போது கதவைத் திறப்பான்."

வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எவனோ தமிழ் வராதவன் எழுதியிருக்கிறான், தேவி. ஆணை ஓலையில் 'திறப்பான்' என்றா எழுதுவார்கள்? ஓசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. மாடு மேய்ப்பவன்கூட இதைவிட நன்றாக எழுதுவான்."

நம்பிக்குக் காது சுட்டது. "வாசிக்கத் தெரியாதவர் எழுதியவனைக் குறை சொல்வதா? 'காலைப் பொழுதிற் கதவம் திறக்க.' மேலைக்குக் காலை எதுகை. எவ்வளவு அழகாக..."

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அரசி ஓலையை வாங்கிப் பார்த்தாள். நம்பி சொன்னதுதான் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது; சாத்தன் வேண்டுமென்றே மாற்றி வாசித்திருந்தார்.

"இது என் கையை விட்டு இப்போதுதான் இறங்கியது. நீர் எப்போது படித்தீர், புலவரே?"

"ஊகம்தான், தாயே..."

"ஆணை ஓலைக்கு எதுகை பார்த்து எழுதுகிறவர் இந்த ஊரில் ஒருவர்தான்" என்றார் சாத்தன். "போன மாதம் இவருக்கு நிலம் கொடுத்து ஓர் ஓலை தந்தீர்களே, அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

ஆள் நம்பியின் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தான். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கறைதான் இருந்தது. அரக்கைப் பெயர்த்துப் பொய் ஓலையில் ஒட்டியிருக்கிறான்.

நம்பி தரையில் விழுந்தான். "அமைச்சர் பதவி தருவதாகப் பகையரசன் சொன்னான், தாயே."

அரசி மோதிரத்தைச் சாத்தனிடம் கொடுத்தாள். "அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்?"

"இந்நேரம் யானைக் காலடியில் கிடந்திருப்பேன், தேவி."

அவள் தலை குனிந்தது. "என்ன வேண்டும், கேளும். ஊரா, பொன்னா?"

"ஒரு நாள் வேண்டும். நீங்கள் யாருக்குத் தண்டனை சொன்னாலும் அதை நிறைவேற்ற மறுநாள்வரை பொறுக்க வேண்டும்."

அரசி ஒப்புக்கொண்டாள். பிறகு பாகனிடம், "யானையைக் கொட்டிலுக்குக் கொண்டு போ" என்றாள். காவலரிடம், "புலவரைச் சிறையில் வையுங்கள். சோறு போடுங்கள்" என்றாள்.

விடிந்தபோது அவள் கோபம் தணிந்திருந்தது. நம்பியின் பட்டங்களைப் பறித்து, நாட்டை விட்டு உயிரோடு அனுப்பினாள்.

அன்றுமுதல் அவள் ஆண்ட காலமெல்லாம், சொன்ன தண்டனைக்கும் கொடுத்த தண்டனைக்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. அந்த இரவால் பிழைத்தவர்கள் பலர். அவர்களில் முதல் ஆள், சாத்தனைக் கொல்லப் பார்த்தவன்.