பழைய சிப்புக்கான ஒன்பது வரிகள்

“சிப் செஞ்சவன் விட்ட பிழைக்கு நாம ஏன் ஒன்பது வரி சுமக்கணும், மேடம்?”

மருதவாணன் அந்த வாரத்தில் நான்காவது முறையாகக் கேட்டார். நாற்பத்தெட்டு வயதில், பார்த்த வேலையை விட்டுவிட்டு, கணினியை ஓட்டும் இயங்குதளம் எழுதக் கற்றுக்கொள்ள மதுரைக்கு வந்தவர். கற்றுக்கொடுத்த ஜெசிந்தா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர்.

கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பழைய சிப் அது. இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால் குழம்பிவிடும். இதில் எழுத வேண்டியதை அதில் எழுதும். எழுதிவிட்டு, எல்லாம் சரி என்று பதிலும் சொல்லும்.

அதனால் இயங்குதளத்தில் யாரோ ஒன்பது நிரல் வரிகள் சேர்த்திருந்தார்கள். இந்த சிப்பைக் கண்டால், ஒரு டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே அடுத்ததில் எழுத வேண்டும்.

“அந்தக் கம்பெனியையே மூடியாச்சு. இந்த வரிகளைப் பார்த்தாலே உடம்பு கூசுது.”

“பார்க்காதீங்க,” என்றார் ஜெசிந்தா.

மருதவாணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார். ஜன்னல் வரை போனார். திரும்ப வந்து அதே வரிகளைப் பார்த்தார்.

ஜெசிந்தா ஊருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, ஒன்பதையும் அழித்துவிட்டு, புதிய பதிப்பை அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அனுப்பினார். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. தேனிப் பக்கம் ஒரு சின்ன தரும ஆஸ்பத்திரி; அந்தச் சிப் உள்ள பழைய கணினிதான் அங்கே. நாய்க்கடிக்கு ஊசி போட வந்தவர்களின் பெயர், தேதி, போன் நம்பர் எல்லாம் கணினியில் கலந்து கிடக்கின்றன. இருபத்திரண்டு பேர். யாருக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்று தெரியவில்லை.

மருதவாணன் ஒன்பது வரிகளையும் திரும்பச் சேர்த்தார்.

“என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, மேடம்.”

ஜெசிந்தா ஆஸ்பத்திரி விலாசத்தை ஒரு தாளில் எழுதி, அவர் பக்கம் நகர்த்தினார்.

மருதவாணன் அங்கே போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் செண்பகவல்லி, மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

“எட்டுப் பேரை ஞாபகத்துலயே பிடிச்சுட்டேன். மத்தவங்களை வீடு வீடாத்தான் தேடணும். வர்றீங்களா?”

போனார்.

இரண்டு நாள் தெருத் தெருவாக அலைந்தார்கள். மருதவாணன் கதவைத் தட்டுவார். “இந்த வீட்டுல யாரையாச்சும் நாய் கடிச்சுதாங்க?” சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

கடைசி ஆள் பேச்சிமுத்து. ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“நேத்தே போட்டிருக்கணும்,” என்றார் செண்பகவல்லி, முதல் ஊசி போட்ட நாளைக் கேட்டுக் கணக்குப் போட்டுவிட்டு. “பரவாயில்ல, ஒரு நாள்தான். உக்காருங்க.”

பேச்சிமுத்து உட்காரவில்லை.

“போன் பண்றோம்னு சொன்னீங்களே. நேத்து பூரா போனைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“கம்ப்யூட்டர்ல தப்பாயிடுச்சுண்ணே.”

“யாரு பண்ண தப்பு?”

செண்பகவல்லி மருதவாணனைத் திரும்பிப் பார்த்தார்.

சிப்பின் பெயர், செய்த கம்பெனி, அதை மூடிய வருஷம், எல்லாம் மருதவாணனின் நாக்கு நுனியில் இருந்தன.

“நான் பண்ணதுங்க,” என்றார்.